கட்ட முன்ன ராத்தாட்ட ஒரு வார்த்தை கேளுங்க

போன மாசம் என்ட சின்னத் தம்பி ஒரு மணிக்கூட்டை லேஞ்சியில சுத்திக்கொண்டு வந்து மேசையில வைச்சான். கண்ணாடிக்கு உள்ளுக்குள்ள பனி பிடிச்சிருக்கு. முள்ளு மூணரையில நிக்குது. "ராத்தா, பின்மூடியில வாட்டர் ரெசிஸ்ட் எண்டு வெட்டியிருக்கு, கடைக்காரனும் சத்தியம் பண்ணினான்" என்கிறான். அவனுக்கு முந்தல் பக்கம் இறால் பண்ணையில வேலை. வாங்கி நாலு மாசம்கூட இல்லை. திருத்துறவர் பின்மூடியைத் திறந்து காட்டினார். களப்போரத்துல கிடக்கிற பழைய ஆணி மாதிரி இருந்திச்சு உள்ளுக்குள்ள.

அவன்ட பிழை என்ன தெரியுமா? நேரம் சரிபண்ண சாவியை இழுத்தவன், திரும்ப அமத்த மறந்திட்டான். அப்படியே தீன் தட்டுக் கழுவ இறங்கிட்டான். அதுக்கு முந்தின பிழை, அந்த மணிக்கூட்டை வாங்கினது.

நான் மணிக்கூட்டு வியாபாரி இல்லை. மூணு தம்பிமாருக்கும் ஒரு மனுசனுக்கும் மணிக்கூடு வாங்கி, அழிச்சு, திருத்தி, திரும்பவும் வாங்கினவ. எங்க உம்மும்மா இதை 'ஓர்லோசு' என்றுதான் சொல்லுவா. ஒல்லாந்தர் கால்வாயையும் வெட்டி, இந்தச் சொல்லையும் விட்டுப் போனாங்க. பேர் எதுவா இருந்தா என்ன, மதுரங்குளிக் காத்துக்கும் தண்ணிக்கும் தாங்குதா என்றதுதான் கேள்வி. நம்ம பக்கத்துல வேலை என்றாலே ஈரம், உப்பு, மணல். பாலாவி உப்பளத்துல பாத்தி வாருறவங்க, இறால் பண்ணைக்காரங்க, கற்பிட்டிப் பக்கம் போட்டுல போறவங்க, தென்னந்தோட்டத்துல தேங்காய் உரிக்கிறவங்க. கொழும்புல ஏசி ரூமுக்குள்ள இருக்கிற ஒருத்தருக்கு நல்ல மணிக்கூடு, இவங்கள்ல யாருக்கும் சரிவராது.

உங்களுக்கு நேரமில்லை என்று தெரியும். ஆனாலும் காசு எண்ணிக் குடுக்க முன்ன இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்க.

1. உங்களுக்கு ஓட்டோமெட்டிக் தேவையா என்று முதல்ல கேளுங்க

கேட்டதும் முகத்தைச் சுழிக்காதீங்க. கொங்கிரீட் உடைக்கிற மெஷின் பிடிக்கிறவர், நாள் முழுக்க கிரைண்டர் பிடிக்கிறவர், சுத்தியலால கல் உடைக்கிறவர், இவங்க மூணு பேரும் இந்த இடத்திலேயே வாசிக்கிறதை நிப்பாட்டி ஒரு கசியோ வாங்குங்க. ஓட்டோமெட்டிக்குக்குள்ள ஆடுற சக்கரத்துட அச்சு முனை தலைமயிரைப் போல மெல்லிசு. 'ஷொக் ரெசிஸ்டன்ட்' என்று போடுறதுக்கு உலக அளவுல ஒரு சோதனை இருக்கு: ஒரு மீற்றர் உயரத்துல இருந்து கட்டியான மரத்தளத்துல விழுந்தா எவ்வளவு அடியோ அவ்வளவு. கை தவறி விழுறதுக்கு அது போதும். நாளுக்கு ஆயிரம் தரம் அதிர்ற கைக்கு அது போதாது.

ஜி-ஷொக்கை உருவாக்கின ஜப்பான்காரர் கிக்குவோ இபே, தகப்பன் குடுத்த மணிக்கூடு விழுந்து உடைஞ்ச கவலையிலதான் அந்த வேலையில இறங்கினார். 1983ல அது கடைக்கு வந்திச்சு. அடிபடுற வேலைக்கு அந்த ஜாதிதான் சரி. மலிவா வேணும் என்றா கசியோ எஃப்-91 இருக்கு. 1989ல வந்தது, இன்னும் விக்கிது. ஒரு பெட்டரி ஏழு வருஷம் போகும் என்று கொம்பனியே சொல்லுது. ஆனா அதைக் கட்டிக்கொண்டு தண்ணிக்குள்ள மூழ்காதீங்க.

இன்னும் சில பேருக்கு ஒரு கண்டிப்பு. கரண்ட் வேலை, வெல்டிங் வேலை செய்யிறவங்க இரும்புச் செயின் மணிக்கூட்டோட வேலையில கை வைக்கக் கூடாது. இறால் தொட்டியில ஏரேட்டர் சுத்திக்கொண்டிருக்கிறப்போ கிட்டப் போறவங்களும், தும்பு மில்லுல நிக்கிறவங்களும் மணிக்கூட்டைக் கழற்றி சேட்டுப் பையில போடுங்க. பட்டி சிக்கினா கையையும் சேத்து இழுக்கும். மணிக்கூடு போனா வாங்கலாம்.

அப்ப யாருக்குத்தான் ஓட்டோமெட்டிக்? கை ஆடுது, ஆனா அதிரல்லை என்ற வேலைக்காரருக்கு. அதுல பெட்டரி இல்லை, கை ஆடுற ஆட்டத்துலதான் ஓடும். பெட்டரி மணிக்கூட்டை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா தெருவோரத்துல குடுத்துத் திறக்குறீங்க. திறக்கிறவர் உள்ளுக்க இருக்கிற ரப்பர் வொஷரைக் கோணலா வைச்சு மூடுறார். அடுத்த மழைக்குத் தண்ணி உள்ளுக்க. ஓட்டோமெட்டிக்கை பெட்டரிக்காக இப்படித் தெருவோரத்துல திறக்கிற தேவையே வராது. 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தோமே, ஞாபகம் இருக்கா? போனெல்லாம் செத்துக் கிடந்திச்சு. விடியப் புறம்தான் தொட்டித் தண்ணியில ஒட்சிசன் ஆகக் குறையிற நேரம். எத்தனை மணிக்கு ஜெனரேட்டர் போடணும் என்று வாப்பாட பழைய சீக்கோதான் சொல்லிச்சு.

2. கடைக்குப் போக முன்ன திருத்துறவர்ட்ட போங்க

இதைச் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்க மோட்டார் சைக்கிள் வாங்கிறப்போ பார்ட்ஸ் கிடைக்குமா என்று கேக்கிறீங்கதானே? மணிக்கூட்டுக்கு ஏன் கேக்கிறதில்லை?

புத்தளத்துலயோ சிலாபத்துலயோ உங்களுக்கு நம்பிக்கையான ஒருத்தர்ட்ட போய் ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. எந்த மெஷினுக்கு சாமான் வைச்சிருக்கீங்க? சேர்விஸுக்கு எவ்வளவு எடுப்பீங்க? அவர் சொல்ற பதில்தான் நீங்க வாங்கப்போற மணிக்கூடு. பெரும்பாலும் நாலு பேர்தான் வரும்: சீக்கோ, அதே சீக்கோக்காரர் மற்றக் கொம்பனிகளுக்கு விக்கிற என்எச் 35, சிட்டிசன்காரருட மியோட்டா 8215, ஓரியன்ட். மியோட்டா 8215 எழுபதுகள்ல இருந்து வர்ற மெஷின். இத்தனை வருஷம் ஓடின ஒண்டுக்குப் பழுது எங்க வரும் என்று திருத்துறவங்களுக்குக் கைப்பாடம்.

அந்தப் பட்டியல்ல இல்லாத பேர் எவ்வளவு வடிவா இருந்தாலும் தொடாதீங்க. என்ட நடுத் தம்பி ஒண்டு வாங்கினான். பின்பக்கம் கண்ணாடி, உள்ளுக்க சக்கரம் சுத்துறது தெரியும், பொன் நிறம், பார்க்கக் கல்யாண வீடு மாதிரி. எட்டாம் மாசம் நிண்டிச்சு. திருத்துறவர் பார்த்துப்போட்டு, "தங்கச்சி, இதுல மெஷின் பேரே இல்லை, எதை வாங்கிப் போடச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

ஒரு குறுக்குவழி சொல்றன். என்எச் 35 மாதிரி மெஷின் பழுதாப் போனா, கழுவி எண்ணெய் போடுறதைவிட முழு மெஷினையே மாத்துறது சில நேரம் லாபம். ரெண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்க. திருத்துறவர் தானாச் சொல்ல மாட்டார்.

3. தண்ணிக் கணக்கு: இதைத்தான் எல்லாரும் பிழையா வாசிக்கிறாங்க

பின்மூடியில 30 மீற்றர் என்று இருந்தா 30 மீற்றர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஆய்வுகூடத்துல அசையாம வைச்சுக் குடுத்த அமுக்கம் அது. நீங்க கையை வீசித் தண்ணியில அடிக்கிறப்போ கணக்கே வேற. வீட்டு மொழியில சொல்றன்:

• வெறும் 'வாட்டர் ரெசிஸ்ட்', இல்லாட்டி 30 மீற்றர்: வுழூ எடுக்கிறப்போ தெறிக்கிற தண்ணிக்கும் சின்ன மழைக்கும் மட்டும்.
• 50 மீற்றர்: கை கழுவலாம், நனையலாம். இறால் தொட்டியில இறங்க வேணாம்.
• 100 மீற்றர்: உப்பளத்துக்கும் பண்ணைக்கும் இதுதான் அடிமட்டம். இதுக்குக் கீழ இறங்காதீங்க.
• 200 மீற்றர், சாவி திருகுப் பூட்டு: கடல் வேலைக்கு.

திருகுப் பூட்டு என்றா போத்தல் மூடி மாதிரி சாவியை முறுக்கி இறுக்கிற வகை. தண்ணி வர்ற வாசல்கள்ல மோசமானது சாவிதான். கண்ணாடியும் பின்மூடியும் அசையாது. சாவியைத்தானே நாம இழுக்கிறதும் அமத்திறதும். நூறு வருஷத்துக்கு முன்னமே இதைக் கண்டுபிடிச்ச ஆள் ஒருத்தர் இருக்கார். ஜோன் ஹார்வுட் என்ற இங்கிலாந்துக்காரர், மணிக்கூடு திருத்துற தொழில். தன்ட மேசைக்கு வர்ற மணிக்கூட்டுக்குள்ள தூசும் ஈரமும் சாவி ஓட்டையாலதான் போகுது என்று பார்த்தார். அப்ப சாவியே இல்லாம ஓடினா என்ன என்று யோசிச்சார். 1920கள்ல அவர் செய்ததுதான் முதல் முதல் விற்பனைக்கு வந்த ஓட்டோமெட்டிக் கைமணிக்கூடு. அதுல சாவியே இல்லை, நேரம் மாத்தக் கண்ணாடி வளையத்தைச் சுத்தணும். ஆக, ஓட்டோமெட்டிக் கைமணிக்கூடு பிறந்ததே தூசுக்கும் தண்ணிக்கும் பயந்துதான். நீங்க என்னடா என்றா சாவியை இழுத்துவிட்டுக் களப்புக்குள்ள இறங்கிறீங்க!

இதனால ஒரு பழக்கம் வேணும். வேலைக்கு இறங்க முன்ன பெருவிரலால சாவியை ஒருக்கா அமத்திப் பாருங்க. கதவு பூட்டினதா என்று இழுத்துப் பார்ப்பீங்கதானே, அது மாதிரி. தண்ணிக்குள்ள நிக்கிறப்போ சாவியைத் தொடவே கூடாது. நேரம் பிழையா இருந்தா இருக்கட்டும்.

இன்னொண்டு. ரப்பர் வொஷர் என்றைக்கும் புதுசா இருக்காது. உப்பும் வேர்வையும் வெயிலும் அதைக் காயவைச்சு வெடிக்க வைச்சிடும். 200 மீற்றர் மணிக்கூட்டுக்கும் பத்து வருஷம் வொஷர் மாத்தாட்டி அது 0 மீற்றர் மணிக்கூடுதான். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா வொஷர் மாத்துங்க. மணிக்கூட்டுச் செலவுல ஆகக் குறைஞ்சது அதுதான், ஆகக் கூட மறக்கிறதும் அதைத்தான்.

4. "சரி ராத்தா, பேரைச் சொல்லுங்க"

விலை சொல்ல மாட்டன். 2022ல 200 ரூபாயில இருந்த டொலர் சில மாசத்துல 360க்குப் போனதைப் பார்த்த பிறகு, எழுத்துல விலை போடுறது வேலைக்கு ஆகாது. வரிசை மட்டும் சொல்றன்.

பழைய சீக்கோ 5. நம்ம வாப்பாமார் சவூதியில இருந்தும் குவைத்துல இருந்தும் கட்டிக்கொண்டு வந்தது. 1963ல தொடங்கின வரிசை. அந்த 'அஞ்சு' என்ன என்று கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது: தானா ஓடும், கிழமையும் திகதியும் ஒரே சன்னல்ல, தண்ணிக்குத் தாங்கும், சாவி நாலு மணிப் பக்கம் ஒதுங்கி நிக்கும், கூடும் செயினும் பலமானது. சாவி நாலு மணிப் பக்கம் நிக்கிறது சின்ன விஷயம் இல்லை. மண்வெட்டி பிடிச்சுக் கையை மடக்கிறப்போ மணிக்கட்டைக் குத்தாது. ஆனா இந்தப் பழைய வகையில பல 30 மீற்றர்தான், திருகுப் பூட்டும் இல்லை. தோட்டத்து வேலை, கடை வேலை, லொறி ஓட்டுறது, இதுக்கெல்லாம் தாராளம். தண்ணி வேலைக்கு வேணாம். இதுல பலதுல இருக்கிற 7எஸ்26 மெஷினுக்கு சாவி குடுக்க ஏலாது. நிண்டா இருபது முப்பது தரம் பக்கவாட்டுல மெல்ல ஆட்டிக் கட்டணும். சாவியைத் திருகித் திருகிப் பார்த்து, "பழுது" என்று சொல்லாதீங்க.

2019ல இருந்து வர்ற சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ். 100 மீற்றர், சாவியும் குடுக்கலாம், செக்கன் முள்ளை நிப்பாட்டி நேரமும் வைக்கலாம். ஒரே குறை, முழுக்கு மணிக்கூடு மாதிரி முகம் இருந்தாலும் சாவி திருகுப் பூட்டு இல்லை. முகத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. உப்பளத்துக்கு ஓம், கடலுக்கு இல்லை.

ஓரியன்ட் மாக்கோ, கமாசு. என்ட கையில காசு இருந்தா தம்பிமாருக்கு இதைத்தான் வாங்குவன். 200 மீற்றர், திருகுப் பூட்டு. கமாசுல சஃபையர் கண்ணாடியும் வருது. ஓரியன்ட் இப்ப சீக்கோ எப்சன் வீட்டுப் பிள்ளைதான், ஆனா மெஷினைத் தானே செய்யிது. பேர் கொஞ்சம் குறைவா அடிபடுறதால குடுக்கிற காசுக்கு மெஷினும் கூடும்தான் கிடைக்கும்.

சிட்டிசன் புரோமாஸ்டர் ஓட்டோமெட்டிக். 200 மீற்றர், இதுவும் திருகுப் பூட்டு. சாவியை இடது பக்கம், எட்டு மணிக்குக் கிட்ட வைச்சிருக்கிற வகை இருக்கு. போட்டுல வலை இழுக்கிறவங்களுக்கு அருமையான யோசனை அது. விலை கொஞ்சம் கூட.

ரஷ்யாட வொஸ்டொக் அம்ஃபிபியா நல்ல சாமான் என்று என்ட மனுசன் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். 1967ல இருந்து வருதாம், ஆழத்துக்குப் போகப் போகப் பின்மூடி தானா இன்னும் இறுகுமாம். எல்லாம் சரி. சாமானுக்கு யார்ட்ட போறது? ரெண்டாம் நம்பரைத் திரும்ப வாசியுங்க மனுசன்.

5. டுபாய் மச்சானும் பழைய சாமானும்

வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரர்ட்ட "ஒரு சீக்கோ கொண்டு வாங்க" என்று மொட்டையாச் சொல்லாதீங்க. அவர் கண்ணுக்கு மினுங்கினதைக் கொண்டு வருவார். மொடல் நம்பரை எழுதி அனுப்புங்க. கடை முத்திரை குத்தின வொரண்டி அட்டையையும் பில்லையும் கேளுங்க. கிழமை அரபியில வந்தா பதறாதீங்க, அது அந்தப் பக்கத்துக்குச் செய்தது. கிழமையை இன்னும் ஒரு அடி திருப்பினா இங்கிலீஷ் வரும்.

பழையது வாங்கிறதுல தப்பில்லை. ஆனா பழைய மெஷினுக்குப் புது நிறம் பூசின முகம் போட்டு விக்கிற சீக்கோ 5 நிறைய சுத்துது. இந்தியாவுல இருந்து வர்ற இதுகளை மணிக்கூட்டுப் பைத்தியங்கள் 'பொம்பே' என்றே கூப்பிடுவாங்க. அம்பது வருஷப் பழசு என்கிறான், முகம் பளிச்சென்று கிளி பச்சையில இருக்கு என்றா அதுதான் அடையாளம். எழுத்து கொஞ்சம் தடிச்சிருக்கும், கோடு நேரா இருக்காது. விடுங்க, நடங்க.

செக்கன் முள்ளையும் பாருங்க. ஓட்டோமெட்டிக்குல அது வழுக்கிக்கொண்டு போகும், இந்த மெஷின்கள்ல செக்கனுக்கு ஆறு சின்ன அடி. செக்கனுக்கு ஒரு தரம் டக், டக் என்று பாய்ஞ்சா அது பெட்டரி. முகத்துல 'ஓட்டோமெட்டிக்' என்று எழுதியிருந்தாலும் பெட்டரிதான்.

6. கண்ணாடி

சுண்ணாம்புக்கல் தூசு சாதாரணக் கண்ணாடியைக் கீறாது, கல்லு அவ்வளவு மெத்து. கீறுறது மணல். நம்ம ஊர்ல மணல் இல்லாத இடம் எது? சஃபையர் மணலைவிடக் கடினம், கீறாது, ஆனா பலமா அடிபட்டா சிதறும். சாதாரண மினரல் கண்ணாடி கீறும், அடிக்குக் கொஞ்சம் பொறுக்கும், மாத்த மலிவு. பழைய பிளாஸ்டிக் கண்ணாடி உடனே கீறும், பற்பசை போட்டுத் தேய்ச்சாப் போயிடும். காசு மட்டுமட்டு என்றா மினரல் போதும். கண்ணாடிக்குப் போற காசைத் திருகுப் பூட்டுல போடுங்க.

7. பட்டி: மணிக்கூட்டைத் துலைக்கிறது இதுதான்

தோல் பட்டி வேணவே வேணாம். வேர்வையில ஊறி நாறும், ஒரு மழைக்காலம் தாங்காது, கையில சொறி வரும். இரும்புச் செயின் பலம், ஆனா கண்ணி இடுக்குல உப்பு போய் உக்காரும்.

வேலைக்கு நைலோன் பட்டி வாங்குங்க, ஒரே துண்டா கூட்டுக்குக் கீழால ஓடிப் போற வகை. பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு 1973ல ஒழுங்குபண்ணின பட்டி அது, நேட்டோ பட்டி என்று விக்கிறாங்க. அதுட கெட்டித்தனம் இதுதான்: பட்டியைப் பிடிக்கிற ரெண்டு ஸ்பிரிங் கம்பியில ஒண்டு உடைஞ்சாலும் மணிக்கூடு மற்றதுல தொங்கும், கடலுக்குள்ள விழாது. ஈரம் காய நேரம் எடுக்கும், அதனால ரெண்டு வாங்கி மாத்தி மாத்திக் கட்டுங்க. வாங்கிறதுக்கு முன்ன அகலம் அளங்க, 18, 20, 22 மில்லிமீற்றர் என்று வரும். "சும்மா ஒரு பட்டி" என்று கேட்டா சும்மா ஒரு பட்டிதான் தருவான்.

அந்த ஸ்பிரிங் கம்பியை வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. ஒரு பிளேன்டீக் காசு. உள்ளுக்க துரு பிடிச்சு, வெளியில நல்லா இருக்கிற மாதிரி நடிக்கிற சாமான் அது. என்ட மூத்த தம்பிட ஓரியன்ட் இப்ப புத்தளம் களப்புக்கு அடியில எங்கேயோ கிடக்கு. மணிக்கூட்டுல ஒரு பழுதும் இல்லை.

8. பெரிசு வேணாம்

40 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் கிட்ட வாங்குங்க. 44, 46 என்று தட்டு மாதிரி வாங்கினா கையுறைக்குள்ள போகாது, கதவு நிலையில எல்லாம் இடிக்கும். மேலதிக முள்ளு, சின்ன வட்டம் மூணு, இதெல்லாம் பழுதாகிறதுக்குக் கூடுதல் இடம். ராக் காவல் வேலை என்றா இருட்டுல ஒளிர்ற முள்ளு கட்டாயம். வேலைக்குப் போக முன்ன டோர்ச் லைட்டை அரை நிமிஷம் காட்டிட்டுப் போங்க.

9. வாங்கின பிறகு

வீட்டுக்கு வந்ததும் சாவி பூட்டியிருக்கா என்று பார்த்து நல்ல தண்ணியில கழுவுங்க. நல்ல தண்ணி என்றன். நம்ம பக்கம் சில கிணறு சவர், அதால கழுவினா உப்பை உப்பால கழுவின கணக்கு. குடிக்கிற தண்ணியில அரைக் கோப்பை போதும். பழைய பல் பிரஷ்ஷால பின்மூடி ஓரத்தை ஒரு தேய். ஸ்டீலும் துரு பிடிக்கும் தங்கச்சி, உப்பு ஊறிக் கிடந்தா சின்னச் சின்னக் குழி விழும். வெயில்ல சூடேறின மணிக்கூட்டை உடனே குளிர் தண்ணியில போடாதீங்க.

திகதி மாத்திறதா இருந்தா இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூணு மணிக்கும் இடையில மாத்தாதீங்க. அந்த நேரம் உள்ளுக்க பல்லுச் சக்கரம் தானே திகதியைத் தள்ளிக்கொண்டிருக்கும், நீங்களும் தள்ளினா பல்லு உடையும். முள்ளை ஆறு மணிக்குக் கொண்டு வந்துட்டு மாத்துங்க.

நேரம் கொஞ்சம் பிழைக்கும், அதுதான் இதுட குணம். புது சீக்கோ 5ல இருக்கிற மெஷினுக்குக் கொம்பனி சொல்ற எல்லையே நாளுக்கு 45 செக்கன் முந்தலாம், 35 செக்கன் பிந்தலாம். இதைச் சின்னதா எடுக்காதீங்க. நாளுக்கு 20 செக்கன் முந்துற மணிக்கூட்டைத் தலை நோன்பு அன்று சரிபண்ணிட்டு அப்படியே விட்டா, 27ஆம் நோன்புக்கு அது ஏறக்குறைய 9 நிமிஷம் முன்னுக்கு நிக்கும். பாங்கு சொல்ல முன்ன பேரீச்சம்பழத்தை வாயில போட்டுட்டு மணிக்கூட்டுல பழி போடாதீங்க. கிழமைக்கு ஒருக்கா, ஜும்ஆவுக்குப் புறப்பட முன்ன, சரிபண்ணுங்க.

கழற்றி வைச்சா ஏறக்குறைய 41 மணித்தியாலம் ஓடும். வியாழன் பின்னேரம் ஆறுக்குக் கழற்றினா சனி காலை வேலைக்குப் போகிறப்போ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சனியும் லீவு எடுத்தா நிக்கும், நிண்டாப் பழுது இல்லை.

திடீரென்று நாளுக்கு அஞ்சு பத்து நிமிஷம் முந்தத் தொடங்கினா அது காந்தம். உள்ளுக்க இருக்கிற மயிர்ச் சுருள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர் பெட்டி, போன் உறையில இருக்கிற காந்த மூடி, பெரிய மோட்டார், வெல்டிங் வயர், இதுக்குப் பக்கத்துல வைக்காதீங்க. நுரைச்சோலைப் பக்கம் பெரிய மெஷின்களோட வேலை செய்யிறவங்க கூடக் கவனம். திருத்துறவர்ட்ட காந்தம் எடுக்கிற சின்னப் பெட்டி இருக்கும், ஒரு நிமிஷ வேலை. முழு சேர்விஸ் வேணும் என்று யாரும் சொன்னா முதல்ல காந்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க.

10. தண்ணி போயிட்டா

கண்ணாடிக்குள்ள பனி தெரிஞ்ச அந்த நாளே திருத்துறவர்ட்ட போகணும். அரிசிக்குள்ள புதைக்காதீங்க. வெயில்ல காயப் போடாதீங்க. சூடு ஈரத்தை ஆவியாக்கி இன்னும் உள்ளுக்க அனுப்பும், தண்ணி போனாலும் உப்பு அங்கேயே இருக்கும். சம்பளம் வரட்டும் என்று வைச்சிருக்காதீங்க. நல்ல தண்ணி என்றா ரெண்டு மூணு நாள் பொறுக்கும், உப்புத் தண்ணி அடுத்த நாளே தின்னத் தொடங்கும். இண்டைக்குத் திறந்து கழுவினா சேர்விஸ் காசோட போகும், சம்பள நாள் வரைக்கும் பொறுத்தா மெஷின் காசு.

"வேலை விட்டுப் போக ஏலாது ராத்தா" என்று சொல்லுவீங்க. தெரியும். அதுக்குத்தான் வீட்டுல ஆள் இருக்கு. பின்னேரப் பஸ்ஸுல புத்தளத்துக்குக் குடுத்தனுப்புங்க. குடுத்தனுப்பிறப்போ எப்ப நனைஞ்சது, களப்புத் தண்ணியா கிணத்துத் தண்ணியா என்று ஒரு துண்டுல எழுதி வையுங்க. திருத்துறவர் முதல்ல கேக்கிற கேள்வி அதுதான், வீட்டுல இருந்து போறவங்களுக்குப் பதில் தெரியாது.